வளைந்த நங்கூரம், துருவேறிய சங்கிலி: எதைச் சரிசெய்யலாம், எதை மாற்ற வேண்டும்?

லங்காவி, பினாங்கு பக்கம் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு நங்கூரத்துக்கு வந்துவிடும். எந்த வடிவம் உசத்தி என்ற சண்டைக்கு முடிவே கிடையாது, அதில் நான் இறங்கவில்லை. இங்கே பார்ப்பது வேறு. இருக்கிற நங்கூரச் சாமான் அடிபட்டுவிட்டது. நங்கூரத்தின் தண்டு வளைந்திருக்கிறது, சங்கிலி பழுப்பேறியிருக்கிறது, இரண்டையும் இணைக்கும் ஷேக்கிள் (குறுக்கு ஊசி போட்ட இரும்பு வளையம்) திறக்க மறுக்கிறது. எதைப் பட்டறைக்குக் கொடுப்பது, எதைக் கடையில் புதிதாக வாங்குவது?

கணக்குக்காக ஒரு படகை எடுத்துக்கொள்வோம்: 35 அடி, 8 மி.மீ. சங்கிலி 50 மீட்டர், அணியத்தில் (படகின் முன்முனையில்) சங்கிலி ஓடும் ரோலர், சங்கிலியை இழுத்து ஏற்றும் மின்சார விண்ட்லஸ். இந்தக் கடற்கரையில் சாதாரணமாகப் பார்க்கிற அமைப்புதான்.

முதலில் இழுவை எவ்வளவு என்று தெரிய வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன்னால் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் 'சுமத்ரா' புயல்வரிசையில் மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வரை காற்று வீசும். அமெரிக்கப் படகுத் தொழில் அமைப்பான ஏ.பி.ஒய்.சி.யின் அட்டவணை, 35 அடிப் படகுக்கு 42 நாட் காற்றில் (அதாவது ஏறக்குறைய 78 கி.மீ.) 1,800 பவுண்டு இழுவை வரும் என்று வைக்கிறது. கிட்டத்தட்ட 800 கிலோ. ஜி40 தரத்தில் (ஜி30, ஜி40, ஜி70 என்பவை சங்கிலியின் வலிமைத் தரங்கள்) 8 மி.மீ. சங்கிலி அறுபட ஏறக்குறைய 4 டன் வேண்டும். ஆக, நேராக இழுத்தால் நல்ல சங்கிலியில் ஐந்து மடங்கு கைவசம் இருக்கிறது. சாமான் போவதெல்லாம் நேராக இழுபடாத இடங்களில்: பக்கவாட்டில் வளையும் தண்டு, கோணலாகச் சிக்கிய ஸ்விவல் (சங்கிலி முறுக்காமல் சுழலும் இணைப்பு), தேய்ந்த ஷேக்கிள் ஊசி. செலவை எங்கே வைப்பது என்ற என் கணக்கு முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

சங்கிலி: மறுபடி துத்தநாகம் பூசுவதா, புதிதா, ஸ்டெயின்லெஸ்ஸா?

பழுப்பு நிறத்தைப் பார்த்ததும் பதற வேண்டாம். மேலே தெரியும் துரு பெரும்பாலும் பூச்சு போனதற்கான அடையாளம்தான், பலம் போனதற்கு அல்ல. பலத்தை அளக்க வெர்னியர் வேண்டும். அதையும் கண்ணியின் நீளப் பக்கத்தில் வைத்து அளந்து பயனில்லை. இரண்டு கண்ணிகள் உரசும் வளைவில், உள்பக்கம், சிறு பள்ளம் போல் தேய்ந்திருக்கும். அங்கே வைத்து அளக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7.2-க்கு இறங்கிவிட்டால், அதாவது பத்து சதவீதம் தேய்ந்துவிட்டால், அந்தப் பகுதிக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் விட்டத்தில் பத்து போனால் குறுக்குப் பரப்பில் 19 சதவீதம் போகிறது.

அளந்து பார்த்தால் நங்கூரத்தின் பக்கமுள்ள முதல் பத்துப் பதினைந்து மீட்டர்தான் கெட்டிருக்கும். தரையில் உரசுவதும், விண்ட்லஸில் அடிக்கடி ஏறி இறங்குவதும் அதுதானே. அப்படியானால் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு: சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவது. அடிப்பெட்டிக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த முனை நங்கூரத்துக்கு வரும், தேய்ந்த முனை உள்ளே போகும். உள்ளே போவது இன்னும் 7.2-க்கு மேல் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். அதற்குக் கீழே என்றால் அந்த நீளத்தை வெட்டி எறிந்துவிடலாம்.

அப்புறம் மறுபூச்சு. சங்கிலியை அமிலத்தில் கழுவி, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். 6 மி.மீ.க்கு மேல் கனமான எஃகுக்கு ஐ.எஸ்.ஓ. 1461 தரம் கேட்கும் சராசரிப் பூச்சு 85 மைக்ரான். நன்றாகச் செய்தால் புதுச் சங்கிலிக்கு இணையான மேல்தோல் கிடைக்கும். தேய்ந்த எஃகு திரும்பி வராது. அதை மறக்கக் கூடாது.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, பட்டறையின் அனுபவம். வேலிக் கம்பமும் கூரை இரும்பும் முக்கும் இடத்தில் சங்கிலியைக் கொடுத்தால், எடுத்ததும் உலுக்காமல் அப்படியே ஆறவிடுவார்கள். கண்ணியும் கண்ணியும் ஒட்டி, ஓரங்களில் துத்தநாகம் சொட்டுச் சொட்டாக உறைந்து நிற்கும். சுத்தியலால் தட்டிப் பிரித்தால் பிரித்த இடத்தில் பூச்சு உரியும்; உரியாத கட்டிகள் ஜிப்சியின் (விண்ட்லஸில் சங்கிலியைப் பிடித்து இழுக்கும் பல்சக்கரம்) பல்லில் உட்காராமல் சங்கிலியைத் துள்ள வைக்கும். 'சங்கிலி செய்து பழக்கமா? சுழற்றி எடுப்பீர்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது, எடை. 8 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ, 50 மீட்டர் 70 கிலோ. பட்டறைகள் கிலோ கணக்கில் வாங்கினாலும் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வைத்திருப்பார்கள், 70 கிலோ பெரும்பாலும் அதைத் தொடாது. தீவில் இருப்பவருக்கு அக்கரைக்கு ஏற்றி இறக்கும் கூலி வேறு. பக்கத்துப் படகுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே லாரியில் அனுப்பினால் கட்டுப்படியாகும். தனியாளாக என்றால், போக்குவரத்தோடு சேர்த்து வரும் தொகை புதுச் சங்கிலி விலையில் பாதியைத் தாண்டும்போது நான் புதுசுக்குப் போய்விடுவேன்.

ஜி70 சங்கிலிக்கு இந்த வழியே வேண்டாம், தயாரிப்பாளர் எழுத்தில் சம்மதம் தந்தால் ஒழிய. அதன் பலம் சூடேற்றிப் பதப்படுத்தியதால் வந்தது. 450 டிகிரிக் குளியல் அந்தப் பதத்தைக் கலைக்கக் கூடும். ஜி30, ஜி40 சங்கிலிகளுக்கு அந்தப் பயம் குறைவு.

ஸ்டெயின்லெஸ்? அழகு, சந்தேகமே இல்லை. வழவழப்பாக இருப்பதால் பெட்டிக்குள் கோபுரம் போல் குவியாமல் சரிந்து பரவும், சேறும் சீக்கிரம் கழுவிப் போகும். ஆனால் விலை பல மடங்கு. அதோடு இந்த எஃகைத் துருவிலிருந்து காக்கும் மெல்லிய படலத்துக்குப் பிராணவாயு வேண்டும். மலாக்கா நீரிணையின் பசைச் சேறு கண்ணி இடுக்குகளில் ஒட்டி, ஈரத்தோடு மூடிய பெட்டிக்குள் கிடந்தால் காற்று படாத இடத்தில் அரிப்பு உள்ளுக்குள் தொடங்கும். வெப்பக் கடலில் அது வேகமாக நடக்கும். துத்தநாகச் சங்கிலி கெடும்போது பழுப்பாகி ஊருக்கே சொல்லும். ஸ்டெயின்லெஸ் வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளே விரிசல் விடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்கிறவர்களுக்கு அது ஒத்துவரும். நான் அந்த ரகம் இல்லை. என்னைக் கேட்டால் துத்தநாகம்தான்.

டப்பாவில் வரும் துத்தநாக ஸ்ப்ரே பற்றியும் கேட்பார்கள். நங்கூரத்தின் மேல் கீறலுக்கு அடிக்கலாம். சங்கிலியில் அடித்தால் ஜிப்சி நாலு முறை சுற்றியதும் போய்விடும்.

வளைந்த தண்டு: நிமிர்த்துவதா, மாற்றுவதா?

இங்கே எனக்கு இரண்டு மனசு இல்லை. மாற்றுவதுதான்.

தண்டு எப்படி வளைகிறது என்று பாருங்கள். நங்கூரத்தின் அலகு (தரையைத் தோண்டும் பகுதி) பாறையிலோ பவளத்திலோ பழைய கேபிளிலோ மாட்டிக்கொள்கிறது. நீரோட்டம் திசை மாறி, படகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருகிறது. நங்கூரம் கூடவே திரும்ப முடியாததால் இழுவை முழுக்கத் தண்டின் பக்கவாட்டில் விழுகிறது. வளைந்துவிட்டது என்றால் எஃகு தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

சந்தேகமாக இருந்தால் கொத்தனார் போல நூல் பிடித்துப் பாருங்கள். ஷேக்கிள் துளையின் நடுவிலிருந்து அலகின் நுனி வரை நூலை இழுத்தால் தண்டின் நடுக்கோட்டில் ஓட வேண்டும். ஒரு விரல் அகலம் விலகினாலே நங்கூரம் தரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தோண்டும்.

பட்டறைக்காரர் 'அரை மணி நேர வேலை சார், சூடு பண்ணித் தட்டினால் நேராகிவிடும்' என்பார். நேராகும், அதில் பொய்யில்லை. ஆனால் இன்றைய நங்கூரங்கள் பலவற்றில் தண்டு மெலிதாக இருப்பதற்குக் காரணமே உயர்வலிமை எஃகு. கேஸ் டார்ச் வைத்தால் அந்த வலிமை அந்த இடத்தில் இறங்கிவிடும். அடுத்த முறை இன்னும் சுலபமாக, அதே இடத்தில் வளையும். சூடில்லாமல் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்துவது அதைவிடத் தேவலை. பழைய காலத்துத் தடித்த சாதா எஃகுத் தண்டு, லேசான வளைவு, பற்றவைப்பில் விரிசல் இல்லை என்றால் ஒருமுறை செய்து, அதை இரண்டாவது நங்கூரமாக வைத்துக்கொள்ளலாம். இரவு தூங்கும்போது நம்பிப் படுக்கும் நங்கூரமாக வேண்டாம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தை எடுத்துப் படியுங்கள். வளைந்த தண்டை மாற்றித் தரும் கம்பெனிகள் உண்டு. கழற்றி மாட்டும் வகையென்றால் பாடு இன்னும் குறைவு: ஃபோர்ட்ரெஸ் அலுமினிய நங்கூரத்துக்குத் தண்டும் அலகும் தனித்தனி உதிரிபாகமாகவே கிடைக்கும், மேன்டஸ் போல்ட் போட்டுச் சேர்ப்பது.

வளையவில்லை, பூச்சு மட்டும் போயிருக்கிறது என்றால் மறுபூச்சு நல்ல முடிவு. சங்கிலியில் வரும் ஒட்டல் தொல்லையும் இதில் இல்லை. ஒன்றே ஒன்று: ஸ்பேட் போன்ற சில நங்கூரங்களின் நுனியில் எடைக்காக ஈயம் ஊற்றியிருக்கும். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத் தொட்டியோ 450. சொல்லாமல் கொடுத்தால் ஈயம் தொட்டியில் கரைந்து, எடை குறைந்த நங்கூரம் வீடு திரும்பும். முன்கூட்டியே எடுத்து, பூச்சு முடிந்ததும் மறுபடி ஊற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

பழைய சி.கியூ.ஆர். வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜெஃப்ரி இங்ரம் டெய்லர் 1933-இல் கொண்டுவந்த கலப்பை வடிவம் அது. நடுவில் கீல் உண்டு. கீலில் ஆட்டம் அதிகமானால் ஊசி மாற்றி வெல்டிங் செய்து தருவதாகச் சொல்வார்கள். பாசம் இருந்தால் செய்யுங்கள். காசுக் கணக்கில் அந்தப் பணம் புது நங்கூரத்துக்குப் போவதே நல்லது.

ஷேக்கிளும் ஸ்விவலும்

மொத்த அமைப்பில் மிக மலிவான சாமான் ஷேக்கிள். சரிசெய்வது என்ற பேச்சே இங்கே இல்லை: ஊசி வளைந்தாலோ, மரை தேய்ந்தாலோ, வாய் விரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். ஒப்பீடு எதை வாங்குவது என்பதில்தான்.

சாதாரண இரும்புச் சாமான் கடையில் பளபளவென்று தொங்கும் ஷேக்கிள் மின்முலாம் போட்டது. பூச்சு பத்து மைக்ரான் அளவுக்குத்தான் இருக்கும், கடலில் ஒரு சீசன் தாங்காது. உடம்பில் எண் எதுவும் பொறித்திருக்காது. பாரம் தூக்கும் சாமான் விற்கும் கடையில் கிடைப்பது மங்கலாக, அழகில்லாமல் இருக்கும். ஆனால் வேலைச் சுமை (பாதுகாப்பாகத் தாங்கும் அளவு) உடம்பிலேயே புடைத்து எழுதியிருக்கும். க்ராஸ்பி ஜி-209 என்றால் 3/8 அங்குலத்துக்கு 1 டன், அதே அளவில் உலோகக்கலவை ஜி-209ஏ என்றால் 2 டன்.

'சங்கிலி 4 டன், ஷேக்கிள் 1 டன்தானா?' என்று சிலர் பயப்படுவார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. சங்கிலிக்குச் சொன்ன 4 டன் அறுபடும் சுமை. ஷேக்கிளின் 1 டன் வேலைச் சுமை. க்ராஸ்பியின் கார்பன் ஷேக்கிளில் அதற்குப் பின்னால் ஆறு மடங்கு இருக்கிறது. ஆகவே நேர் இழுப்பில் சங்கிலிதான் முதலில் போகும். பக்கவாட்டில் 90 டிகிரி இழுத்தால் ஷேக்கிளின் வேலைச் சுமை பாதியாகக் குறையும், அதையும் சேர்த்தே பாருங்கள். ஊசி கண்ணிக்குள் நுழைகிறதா என்று பழைய சங்கிலியின் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பார்ப்பது நல்லது. ஊசி கழலாதபடி மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) கம்பியால் கட்டிவிடுங்கள். துத்தநாகச் சங்கிலியில் ஸ்டெயின்லெஸ் ஷேக்கிள் போட்டால், ஒட்டும் கண்ணியின் பூச்சைத்தான் உப்புநீர் முதலில் தின்னும்.

ஸ்விவல் தேவையா? என் படகில் இல்லை. சங்கிலியின் முறுக்கு பெரும்பாலும் நங்கூரம் தரையை விட்டு எழுந்ததும் தானாகப் பிரிந்துவிடும். நங்கூரம் ரோலரில் எப்போதும் தலைகீழாக வந்து உட்காருகிறது என்பவர்களுக்கு அது உதவும். அப்படி வைத்தாலும் நங்கூரத் துளையில் நேரடியாக மாட்டக் கூடாது. ஸ்விவலின் இரண்டு கன்னங்களும் தண்டில் இடித்து நெம்புகோலாக மாறி விரியும். பெட்டியில் அச்சிட்ட எண்ணெல்லாம் நேர் இழுப்புக்கு மட்டும்தான். நங்கூரத்தில் ஷேக்கிள், பிறகு நாலைந்து கண்ணி, அதற்கு அப்புறம் ஸ்விவல். விரிசல் விட்ட ஸ்விவலுக்குப் பதில் இன்னொன்று வாங்குவதா, நல்ல ஷேக்கிள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதா என்றால் இரண்டாவதே என் ஓட்டு.

ரோலரும் ஜிப்சியும்

ரோலர் உருளை தேய்ந்தால் நைலானிலோ பாலிஎத்திலீனிலோ கடைசல் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கிவிடலாம். கடையில் வரும் அசல் பாகத்தைவிட மலிவு, சில சமயம் நயமும்கூட. வளைந்த கன்னத் தகட்டை நிமிர்த்துவதிலும் தப்பில்லை. அது தூக்கத்தைக் கெடுக்கிற பாகம் அல்ல. தகட்டை டெக்கில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் இருந்தால் மட்டும் விஷயம் வேறு. படகு நிற்கும்போது இழுவை விண்ட்லஸுக்குப் போகாமல் அதிர்ச்சி வாங்கும் நைலான் ஸ்னப்பர் கயிற்றில் விழும்படி கட்டியிருந்தால் இந்தப் பகுதி நெடுநாள் வரும்.

ஜிப்சியைப் பொறுத்தவரை, பல் தேய்ந்ததை வெல்டிங் போட்டு நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். பள்ளத்தின் வடிவம் மில்லிமீட்டர் பிசகினாலும் சங்கிலி தாவும். புது ஜிப்சி விலை உறுத்தும்தான், ஆனாலும் புதுச் சங்கிலி வாங்கும் அன்றே அதையும் சேர்த்து வாங்குவது புத்தி. 8 மி.மீ.யில் டின் 766 (ஜெர்மன் தரம்), ஐ.எஸ்.ஓ. ஆகிய இரண்டு சங்கிலித் தரங்களுக்கும் கண்ணியின் உள்நீளம் 24 மி.மீ. என்பதால் தொல்லை குறைவு. 10 மி.மீ.க்கு மாறுகிறவர்கள் கவனம்: அதில் டின் கண்ணிக்கு 28 மி.மீ., ஐ.எஸ்.ஓ. கண்ணிக்கு 30 மி.மீ. கடைக்காரர் 'பத்து எம்.எம்.தானே' என்று எடுத்துப் போடுவதற்குள், ஜிப்சியின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லிவிடுங்கள்.