எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள்: சென்னை–காசி ஸ்லீப்பர் வகுப்பில் நான்கு பயணங்கள்

திருகோணமலையில் நீண்ட ரயில் பயணம் என்றால் அது கொழும்புக்குப் போகும் இரவு ரயில்தான். 300 கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவான அந்தத் தூரத்தை மூன்றாம் வகுப்பு இருக்கையில் நிமிர்ந்திருந்தே கடந்து பழகிய எங்களுக்கு, 2,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைப் படுத்துக்கொண்டே போகலாம் என்பது பெரிய சலுகையாகத் தோன்றும். அந்த நினைப்போடுதான் 2013 தை மாதம் அப்பாவின் அஸ்தியுடன் அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னையில் ரயில் ஏறினேன். அதன்பின் 2016, 2019, 2024 ஆகிய ஆண்டுகளிலும் உறவினருக்குத் துணையாகவோ தனியாகவோ அதே வழியில் அதே குளிர்சாதனமில்லாத ஸ்லீப்பர் வகுப்பில் போய்வந்திருக்கிறேன். ஊரில் காசிக்குப் புறப்படுகிற எவரும் இப்போது என்னிடம் வந்து விசாரிப்பது வழக்கமாகிவிட்டதால், சொல்வதை ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

மாலையில் சென்னையை விட்டால் விஜயவாடா, நாக்பூர், இடார்சி, ஜபல்பூர் வழியாக மூன்றாம் நாள் காலையில் காசி. அதாவது இரண்டு இரவும் ஒரு பகலும். புறப்படும் முன் எல்லோரும் இரவுகளைப் பற்றியே கேட்கிறார்கள், நித்திரை வருமா, பை பத்திரமா என்று. என் அனுபவத்தில் இரவு ஒரு பிரச்சினையே அல்ல. தாங்க வேண்டியது நடுவில் வரும் அந்த ஒற்றைப் பகலைத்தான்.

காரணம் பெட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மில்லிமீற்றர்தான் என்றாலும், இந்தியப் பெட்டியில் ஒரு தடுப்புக்கு எட்டுப் பேரைப் படுக்க வைக்கிறார்கள்: எதிரெதிரே மும்மூன்று அடுக்கு, நடைபாதைக்கு அப்பால் யன்னலோரமாக இரண்டு. நடுப்படுக்கையை விரிக்கும் நேரம் இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை மட்டுமே. ஆறு மணிக்கு அது மடிந்து சாய்மானமாகிவிடும். அதன்பின் மூன்று அடுக்குக்காரரும் கீழ்ப்படுக்கையில் வரிசையாக அமரலாம். ஆகவே கீழ்ப்படுக்கை கிடைத்துவிட்டது என்று மகிழ்கிறவர், மறுநாள் பதினாறு மணிநேரம் தமது படுக்கையில் தாமே மூன்றில் ஒரு பங்குக்காரராகிறார். ஜபல்பூர்ப் பக்கம் நெருங்கும்போது முன்பதிவில்லாதவர்களும் ஏறி, "இரண்டு நிலையம்தான்" என்று சைகையால் கேட்டு விளிம்பில் உட்கார்ந்தால் அந்தப் பங்கும் நான்கில் ஒன்றாகும். மறுக்க மனம் வராது. மறுக்க ஹிந்தியும் வராது.

மேல்படுக்கைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. பகலிலும் அது அவருக்கே உரியது. விரும்பிய நேரத்தில் ஏறிப் படுக்கலாம். நிமிர்ந்து உட்கார முடியாது, யன்னல் கிடையாது, விசிறி முகத்துக்கு நேரே சுழலும், எனினும் யாரும் தொடாத ஆறடி. எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது: படுக்கை இலக்கத்தை எட்டால் வகுத்து மீதி மூன்றோ ஆறோ வந்தால் மேல், ஒன்றும் நான்கும் கீழ், இரண்டும் ஐந்தும் நடு, ஏழு பக்கவாட்டுக் கீழ், மீதியின்றி வகுபட்டால் பக்கவாட்டு மேல். பழைய பெட்டியில் 72 படுக்கைகள், இப்போது ஓடும் எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டியில் 80, கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

மேல்படுக்கையே நல்லது என்ற இந்தத் தீர்ப்புக்கு ஒரு விலக்கு உண்டு, அதை 2016 வைகாசியில் கற்றேன். பயணச்சீட்டு எடுத்துத்தந்த முகவர் (பெயர் வேண்டாம்) "இடம் உறுதி" என்று சொல்லி என் கையில் தந்தது ஆர்.ஏ.சி. சீட்டு, அதாவது ஒரு பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்து உட்கார்ந்து போக வேண்டும். இலக்கம் 31. முதல் இரவு முழுவதும் முன்பின் அறியாத பெரியவர் ஒருவருடைய காலும் என் தலையும் அயல்வீட்டாராக இருந்தன. மறுநாள் காலையில் பரிசோதகர் இரக்கப்பட்டு வெறுமையாயிருந்த மேல்படுக்கை ஒன்றை ஒதுக்கித் தந்தபோது பாய்ந்து ஏறினேன். நாக்பூரைத் தாண்டிய நடுப்பகலில் கூரைத் தகட்டின் சூடு முழுவதும் என் மேல் இறங்கியது. விசிறி அனற்காற்றைத்தான் கலக்கியது. பத்து நிமிடத்தில் கீழே வந்து, பெரியவர் பக்கத்தில் மறுபடியும் ஒட்டிக்கொண்டு, நனைத்த துவாயை யன்னல் கம்பியில் கட்டி மாலைவரை அமர்ந்திருந்தேன். கோடையில் கீழ்ப்படுக்கை, மாரியில் மேல்படுக்கை என்பது அன்றிலிருந்து என் விதி. வயதான பெண்கள் விதிவிலக்கு. அம்மாவை எந்தக் காலத்திலும் ஏணியில் ஏற்ற முடியாது.

மாரியிலும் குளிர் வேறு கதை. இந்த வகுப்பில் போர்வை, தலையணை எதுவும் தரப்படுவதில்லை. 2013 தைப் பயணத்தின் இரண்டாம் இரவில் ஜபல்பூருக்கு மேல் யன்னல் இடுக்கு வழியே வரும் காற்று, நிலாவெளிக் கடற்காற்றையே குளிர் என்று நம்பியிருந்த எனக்குப் புதிது. இரண்டு சாரத்தையும் ஒரு பத்திரிகையையும் சுற்றிக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன். அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு உறங்கினார். கங்கைச் சமவெளியில் மூடுபனிக்காலத்தில் ரயில்கள் பிந்துவது சாதாரணம் என்பதால், காசியில் இறங்கும் நாளிலேயே எந்தக் கிரியையையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பதினோரு ஆண்டுகளில் மாறியவை சில. 2013 இல் கழிவறை நேரே தண்டவாளத்தில் திறந்திருந்தது, இப்போது கழிவைத் தொட்டியிலேயே மக்கவைக்கும் உயிர்க்கழிவறை. எல்.எச்.பி. பெட்டிகள் வேகத்தில் அசைவு குறைந்தவை, ஆனால் புறப்படும்போதும் நிற்கும்போதும் ஓர் இழுப்பு இழுக்கும். கையில் தேநீர் இருந்தால் மடியில் இருக்கும். முன்பதிவு 2024 கார்த்திகையிலிருந்து 120 நாளுக்குப் பதிலாக 60 நாள் முன்புதான் திறக்கிறது. விமானச்சீட்டை முதலில் எடுத்துவிட்டு ரயிலைத் தேடும் எங்கள் வழக்கத்துக்கு இது இடைஞ்சல்.

உணவுக்குப் பருத்தித்துறை வடையும் பயற்றம் பணியாரமும் போதும். இரண்டும் கெடாது, பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டினால் மொழி தெரியாத குறையும் தீரும். பையைக் கீழ்ப்படுக்கையின் அடியிலுள்ள வளையத்தில் சங்கிலியால் பூட்டலாம்.

மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிக்குக் கட்டணம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அம்மாவைப் போன்றவர்களோடு கோடையில் போகிறவர்கள் அந்தக் காசைத் தயங்காமல் கொடுக்கலாம். நான் வருகிற தை மாதம் தம்பியுடன் மீண்டும் ஸ்லீப்பரில்தான் போகிறேன். மேல்படுக்கை என்று விருப்பம் குறித்திருந்தேன். கிடைத்திருப்பவை 27, 30. இம்முறை கம்பளி இரண்டு வாங்கியாயிற்று.