கசிவுநீர் அளக்கும் வி-நாட்ச் தகடு: அணை ஆய்வில் எவ்வளவு நம்பலாம்?

அணைப் பாதுகாப்பு ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது முதலில் கேட்பது கசிவுநீர்ப் பதிவேட்டைத்தான். அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு எண்ணும், ஓர் ஓடையின் குறுக்கே நிறுத்திய முக்கோண வெட்டுத் தகட்டிலிருந்து வருகிறது. மின்சாரமோ பேட்டரியோ வேண்டாம். நன்றாகப் பொருத்தினால் இதைவிட நேர்மையான கருவி அணையில் வேறில்லை. ஆனால் பெரும்பாலும் பொருத்துவதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

90 டிகிரி வெட்டில், வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் நிமிடத்துக்குச் சுமார் 46 லிட்டர் ஓடுகிறது, 10 செ.மீ. என்றால் 262 லிட்டர். நன்மையும் ஆபத்தும் இதிலேயே இருக்கின்றன. கசிவு இரட்டிப்பானாலும் 50 மி.மீ. மட்டம் 66 மி.மீ. ஆகத்தான் ஏறும். அந்த 50 மி.மீ. அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தாலே ஓட்டத்தில் 5 சதவீதம் பிழை. கசிவு குறைவான இடத்துக்கு 45 டிகிரி வெட்டு வாங்குங்கள். மட்டம் உயர்ந்து நிற்கும், படிக்க எளிது.

துருப்பிடிக்காத எஃகுத் தகடே வேண்டும். விளிம்பு 1 முதல் 2 மி.மீ. கனத்தில் கூராக இருந்து, அதன் சரிவு நீர் வெளியேறும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டிய தகடு தவறான அளவையே காட்டும். அளவுகோலைத் தகட்டின்மேல் ஒட்டக் கூடாது. வெட்டை நெருங்கும்போதே நீர்மட்டம் சரிந்துவிடும். அதிகபட்ச நீர் உயரத்தின் நான்கு மடங்கு தூரம், நீர் வரும் பக்கமாகத் தள்ளி நிறுத்தி, அதன் பூஜ்ஜியத்தை மட்டக்கருவி வைத்து வெட்டின் முனையோடு சரிபார்க்க வேண்டும். விழும் நீர் தகட்டோடு ஒட்டி வழியாமல் விலகி விழ வேண்டும்.

சரிபார்க்க ஒரு வாளியும் நிறுத்துக் கடிகாரமும் போதும். 5 செ.மீ. மட்டத்தில் 10 லிட்டர் வாளி ஏறத்தாழ 13 விநாடியில் நிறைய வேண்டும். அதிக நேரம் எடுத்தால் வெட்டில் பாசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தகட்டின் அடியிலோ பக்கத்திலோ நீர் ஒழுகுகிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள்.

இந்தத் தகடு சொல்லாத ஒன்று உண்டு: நீர் தெளிவா, கலங்கலா என்பது. மண் அணைக்கு உயிர்போகும் கேள்வி அதுதான். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கிய கசிவு தெரிந்தது; நண்பகலுக்குள் அணை உடைந்தது. ஆகவே ஒவ்வொரு அளவின்போதும் கண்ணாடிக் குடுவையில் நீர் பிடித்துப் படியவிட்டுப் பார்க்க வேண்டும். தகட்டின் பின்னால் சேரும் வண்டலை, ஆய்வுக்கு முந்தைய நாள் "சுத்தம்" என்ற பெயரில் வாரிக் கொட்டுவது பெருந்தவறு. அது அணையின் உடலிலிருந்து வந்த மண்ணாக இருக்கலாம். எவ்வளவு, என்ன நிறம், மணலா களியா என்று எழுதிவைத்த பிறகே அள்ளுங்கள்.

பதிவேட்டில் வெறும் கசிவு எண் பயன்படாது. அன்றைய அணை நீர்மட்டமும் மழையளவும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதே நீர்மட்டத்தில் சென்ற ஆண்டு எவ்வளவு கசிந்தது என்பதே ஆய்வாளர் தேடும் ஒப்பீடு. திடீரென அளவு குறைந்திருந்தால் மகிழ வேண்டாம். வடிகால் அடைத்து, உள்ளே நீரழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். அணைக்குள் நீரழுத்தத்தைக் காட்டும் பீசோமீட்டர் அளவுகளை அன்றே எடுத்துப் பார்க்க வேண்டும்.

தானியங்கி மட்ட உணரியையும் சேர்த்து விற்கிறார்கள். இரவிலும் அளவு கிடைப்பதால் வாங்கலாம். ஆனால் சிலந்தி வலையும் நுரையும் அதை ஏமாற்றும் என்பதால், கையால் படிப்பதை நிறுத்தக் கூடாது.