தங்கப் பருந்துப் பதக்கம் வாங்கப் போகிறீர்களா? முதலில் பத்திரத்தைப் படிக்கச் சொல்லுங்கள்

பழைய ராணுவப் பதக்கங்கள் சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் 85 ஆயிரம் யென் ஏமாந்தேன். பணம் போனது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைவிட வேறொன்று மனதை அறுக்கிறது.

நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். இணையத்தில் ஒரு விற்பனையாளர் கின்ஷி குன்ஷோ, அதாவது தங்கப் பருந்து விருது, ஏழாம் வகுப்புப் பதக்கம் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருந்தார். கறுப்பு அரக்குப் பெட்டி, ஓரங்களில் வெள்ளைக் கோடு போட்ட பச்சை நாடா, கூடவே ஒரு பழைய விருதுப் பத்திரம். "1941-இல் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அகாகி விமானந்தாங்கிக் கப்பலின் விமானி. போரில் காட்டிய வீரத்துக்காக வாங்கிய விருது. முதுமையில் ஊரில் காலமானார். குடும்பத்தார் கொடுத்தது" என்று ஆங்கிலத்தில் உருக்கமாக எழுதியிருந்தார். நம்பிவிட்டேன்.

இந்த விருதை 1890-இல் பேரரசர் மெய்ஜி ஏற்படுத்தினார். முதல் பேரரசர் ஜின்முவின் வில் நுனியில் ஒரு தங்கப் பருந்து வந்து உட்கார, அதன் ஒளியில் எதிரிகளுக்குக் கண் கூசிப்போனது என்பது கதை. பெயர் அங்கிருந்துதான் வந்தது. ஏழு வகுப்புகள். முதல் வகுப்பு மிகச் சிலருக்கே கிடைத்தது. ரஷ்யக் கடற்படையை சுஷிமாவில் முறியடித்த அட்மிரல் டோகோவுக்கு 1906-இல் கிடைத்தது. 1943 ஏப்ரல் 18 அன்று போகன்வில் தீவுக்கு மேலே விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்ட, பேர்ல் ஹார்பர் தாக்குதலைத் திட்டமிட்ட அட்மிரல் யமமோட்டோவுக்கு இறந்த பிறகு கொடுத்தார்கள். 1947-இல் விருதையே ஒழித்துவிட்டார்கள். அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேல் கொடுத்தாகிவிட்டது, பெரும்பாலும் கீழ் வகுப்புகளில். ஆகவே ஏழாம் வகுப்புப் பதக்கம் அப்படியொன்றும் அரிய பொருள் இல்லை. விலையை ஏற்றுவது அதோடு ஒட்டிவரும் கதைதான்.

அந்தக் கதைக்குச் சாட்சி எது என்று நான் யோசித்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். ஜப்பானியப் பதக்கங்களில் பெயர் கிடையாது. இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பத்திரம்தான்.

பார்சல் வந்த அன்று மாலை அதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எண்பது வயதைத் தாண்டியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே விரலை இறக்கிப் படித்தார். பாதியில் விரல் நின்றது. "இது கடற்படை இல்லையே. தரைப்படைக் காலாட்படை வீரர்" என்றார். அப்புறம் தேதிக்கு வந்தார். ஜின்மு அரியணை ஏறிய ஆண்டுக் கணக்கில் 2566, பேரரசர் மெய்ஜி காலத்தின் 39-ஆம் ஆண்டு, ஏப்ரல் 1. அதாவது 1906. ரஷ்ய–ஜப்பானியப் போருக்காகக் கொடுத்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு 35 ஆண்டுகள் முன்பு! அகாகி கப்பலைத் தண்ணீரில் இறக்கியதே 1925-இல்தான். போதாக்குறைக்கு அது தங்கப் பருந்துக்கான பத்திரமே இல்லை, வேறொரு விருதான எட்டாம் வகுப்பு வெள்ளைப் பவுலோனியா மர இலைப் பதக்கத்துக்கானது.

எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் இதை நீங்களே பிடிக்கலாம். தங்கப் பருந்தின் வகுப்பைச் சொல்லும்போது 'கோ' (功) என்று தொடங்கி 'க்யூ' (級) என்று முடிப்பார்கள். மற்ற விருதுகளில் 'குன்' (勲) என்று தொடங்கி 'தோ' (等) என்று முடியும். வீரர் கடற்படை என்றால் அந்தச் சொல்லின் (海軍) முதல் எழுத்தின் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள் போன்ற கோடுகள் இருக்க வேண்டும். விற்பவரிடம் பத்திரத்தின் தெளிவான படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். எனக்கு அனுப்பிய படத்தில் பத்திரம் பாதி மடிந்திருந்தது. நான் விரித்துக் காட்டச் சொல்லவில்லை.

கதையையும் கொஞ்சம் உரசிப் பார்த்திருக்கலாம். பசிபிக் போர்க் காலத்தில் இந்த விருது பெரும்பாலும் இறந்தவர்களுக்கே போனது. உயிரோடிருந்த விமானிகளின் வீரத்துக்கு ஜப்பானியக் கடற்படை பதக்கத்தை வாரி வழங்கவில்லை. பசிபிக்கின் ரபாவுல் தளத்தில் பெரும் பெயர் எடுத்த போர் விமானி நிஷிசாவாவுக்கே 1943-இல் துணை அட்மிரல் குசாகா கொடுத்தது ஒரு வாள்தான். பிழைத்து ஊர் திரும்பிய பேர்ல் ஹார்பர் விமானி, கையில் தங்கப் பருந்து என்றதுமே நான் நிதானித்திருக்க வேண்டும்.

விற்பனையாளருக்கு எழுதினேன். "குடும்பத்தார் சொன்னதைத்தான் போட்டேன்" என்று பதில் வந்தது. எந்தக் குடும்பம் என்று கேட்டேன். பத்து சதவீதம் திருப்பித் தருவதாகச் சொன்னார். வேண்டாம், முழுப் பணமும் வேண்டும் என்றேன். அத்தோடு பேச்சு நின்றது. இந்த வாரம் அவர் 'கடற்படை விமானியின் புகோஷோ' என்று இன்னொன்றைப் போட்டிருக்கிறார். புகோஷோ 1944 டிசம்பரில் தரைப்படை தன் ஆட்களுக்காக ஏற்படுத்திய வீரச் சின்னம். கடற்படைக்கு அது கிடையாது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

பதக்கம் அசல்தான். ஆனால் யாருடைய மார்பில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பத்திரத்தில் இருப்பவருக்கோ பெயர் இருக்கிறது. முதல் நிலைச் சிப்பாய், 1906-இல் உயிரோடு இதைக் கையில் வாங்கியிருக்கலாம், அல்லது அவர் அம்மா வாங்கியிருக்கலாம். அவருடைய தாளைக் காட்டி, இல்லாத ஒரு விமானியை விற்றிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமெல்லாம் அதில்தான். பக்கத்து வீட்டு அம்மா அந்தப் பெயரை உரக்க ஒருமுறை வாசித்துவிட்டு, தாளை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பதக்கத்திலிருந்து பிரித்து, தனி உறையில் வைத்திருக்கிறேன். உறையின் மேல் அவர் பெயரை எழுதியிருக்கிறேன்.