மின்வெட்டுக்கு நடுவே ஒரு பிட்மேப்: டர்பன் காப்பக சர்வரில் பன்னிரண்டு ஆண்டுகள்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஒலிப்பதிவுக் காப்பகத்தை 2013 முதல் பராமரித்து வருகிறேன். 1860 தொடங்கி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தோர் பாடிய தாலாட்டுகள், இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் மாறிவிட்ட தெருக்கூத்தின் இரவு நீளப் பதிவுகள், காவடிப் பாடல்கள் எனக் கேசட்டுகளிலிருந்து மாற்றப்பட்டவை அனைத்தும், லினக்ஸின் மென்பொருள் ரெய்டில் (பல டிஸ்குகளை ஒரே அணியாகச் சேர்த்து இயக்கும் முறை), ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும் இரண்டு 4 டெராபைட் டிஸ்குகளில் உள்ளன. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. மூலக் கேசட்டுகளில் பல இற்றுப்போய்விட்டன. ஆகவே அந்த டிஸ்குகள் இரண்டிலும் இருப்பது ஒன்றுதானா என்ற கேள்வியை நான் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பது ரைட்-இன்டென்ட் பிட்மேப் என்ற சிறிய பகுதி. டிஸ்கின் பரப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பிட் ஒதுக்கி, அத்துண்டில் எதையும் எழுதுவதற்கு முன்பே அந்த பிட்டை டிஸ்கில் பதித்துவிடுவது அதன் வேலை. மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே சரக்கை எடுத்துக் கொடுப்பதைப் போன்றது இது. நடுவில் விளக்கு அணைந்தாலும், யாருடைய கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்பது நோட்டில் இருக்கும். ஊர் முழுவதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் பிட்மேப் இல்லாமலே ஓட்டினோம். மின்சாரம் போய்வந்தால், எந்த இடத்தில் இரண்டு டிஸ்குகளும் வேறுபடுகின்றன என்று கெர்னலுக்கு (லினக்ஸின் மைய நிரலுக்கு) தெரியாததால், 4 டெராபைட்டையும் முதலிலிருந்து கடைசிவரை ஒத்துப்பார்க்கும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் அதற்கு ஏழரை மணி நேரம் ஆகிறது. இந்த நாட்டில் லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) கடுமையாக இருந்த நாட்களில் ஒரே நாளில் பலமுறை மின்சாரம் நிற்கும். யுபிஎஸ் பேட்டரி முழுவதும் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். ஒத்திசைவு பாதியில் இருக்கும்போது மின்சாரம் மறுபடி போனால், எழுதும் நிலையில் இருந்த அணி என்பதால், அடுத்த முறை அது தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கும். சங்கத்தின் மூத்தவர் ஒருவர் ஒரு மாலையில் அறைக்குள் வந்து, “என்ன தம்பி, காலையில் பார்த்தபோதும் இந்த விளக்குகள் இப்படித்தான் மினுக்கிக்கொண்டிருந்தன, இன்னுமா முடியவில்லை?” என்று கேட்டார். “முடியும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது ஐயா, திரும்ப முதலிலிருந்து ஓடுகிறது” என்றேன். அன்றிரவே, அணியை நிறுத்தாமலே, எம்டிஏடிஎம் கருவியின் ஒரே கட்டளையில் பிட்மேப்பைச் சேர்த்தேன். அடுத்த மின்வெட்டில் நாற்பது துண்டுகள் மட்டுமே அழுக்காக, அதாவது பிட் பதிந்த நிலையில், இருந்தன. துண்டு ஒன்று 64 மெகாபைட் என்பதால், இரண்டரை கிகாபைட் அளவுக்கு மட்டும் ஒத்துப்பார்த்து, இருபது நொடிக்குள் வேலை முடிந்தது. லோட்ஷெடிங் மிக மோசமாக இருந்த 2023ஆம் ஆண்டு முழுவதையும் அந்த சர்வர் இப்படித்தான் கடந்தது.

பயனராக மட்டும் இருந்திருந்தால் கட்டுரையை இங்கேயே முடித்துக்கொள்வேன். ஆனால் எந்தத் துண்டு எத்தனை முறை அழுக்காகிறது என்று அறிந்தால் துண்டின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணி, கெர்னலின் பிட்மேப் நிரலில் எண்ணிக்கை எடுக்கும் சிறிய பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) ஒன்றை எழுதி, அதைக் கெர்னல் 4.4 முதல் 4.19, 5.10, 6.1, 6.12 எனப் பதிப்பு பதிப்பாகச் சுமந்து வந்தேன். அந்தச் சுமையில்தான் இந்த நிரலின் உள்ளழகும் அதன் ஆபத்தும் எனக்குப் புரிந்தன.

டிஸ்கில் துண்டுக்கு ஒரு பிட் என்றால், மெமரியில் துண்டுக்கு 16 பிட் கொண்ட ஒரு கவுண்டர் இருக்கிறது. மேல் பிட் ‘இத்துண்டை ஒத்திசைக்க வேண்டும்’ என்பதையும், அடுத்த பிட் ‘ஒத்திசைவு நடந்துகொண்டிருக்கிறது’ என்பதையும் குறிக்க, மீதமுள்ள 14 பிட்டுகள் முடியாமல் நிற்கும் எழுத்துகளை (டிஸ்கில் எழுதும் வேலைகளை) எண்ணுகின்றன. கவுண்டர் 0 என்றால் துண்டு சுத்தமாக இருக்கிறது. முதல் எழுத்து வரும்போது டிஸ்கின் பிட் பதிவு செய்யப்பட்டு, கவுண்டர் 2க்குத் தாவி, அதன் மேல் நிலுவை எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கூடுகின்றன. எல்லாம் முடிந்து கவுண்டர் மீண்டும் 2க்கு இறங்கிய உடனேயே பிட்டை அழித்துவிடுவதில்லை. இயல்பாக 5 நொடிக்கு ஒருமுறை சுற்றிவரும் பின்னணி வேலை 2ஐக் கண்டால் 1 ஆக்குகிறது. அடுத்த சுற்றிலும் 1 ஆகவே இருந்தால்தான் டிஸ்கின் பிட்டை அழித்து 0 ஆக்குகிறது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து எழுதும் நிரல்களுக்காக, ஒவ்வொரு முறையும் பிட்டைப் போட்டு அழித்துப் போட்டு அழித்து டிஸ்கின் தலையை அலைக்கழிக்காமல் இருக்கவே இந்தத் தாமதம். பிட்டைப் போடுவதில் அவசரம், அழிப்பதில் சோம்பல்: இந்த நிரலின் உயிர் இதில்தான் இருக்கிறது. சுத்தமான துண்டை அழுக்கு என்று தவறாகக் குறித்தால் சில நொடிகள் வீணாகும். அழுக்கான துண்டைச் சுத்தம் என்று குறித்தால் தாலாட்டு போய்விடும்.

இந்தக் கவுண்டர்களுக்கான மெமரிப் பக்கங்கள் தேவைப்படும்போதுதான் ஒதுக்கப்படுகின்றன. எங்கள் டிஸ்குக்கு ஏறத்தாழ 59,600 துண்டுகள். 4 கிலோபைட் பக்கம் ஒன்றில் 2,048 கவுண்டர்கள் அடங்குவதால், மொத்தம் 30 பக்கங்கள். அணியின் நிலையைச் சொல்லும் எம்டிஸ்டாட் கோப்பு காட்டும் ‘3/30’ என்ற எண்ணின் பொருள், 30 பக்கங்களில் 3 மட்டும் ஒதுக்கப்பட்டுள்ளன என்பதுதான். மெமரி கிடைக்காத நெருக்கடியில் என்ன செய்வது என்பதற்கு இந்த நிரல் வைத்திருக்கும் வழியைப் படித்த நாளில் நான் உண்மையாகவே வியந்தேன்: பக்கத்தைச் சுட்ட வேண்டிய பாயிண்டரின் இடத்தையே இரண்டு பெரிய கவுண்டர்களாகப் பயன்படுத்திக்கொள்கிறது. துல்லியம் குறைந்து பெரும் பரப்பு ஒன்றாக அழுக்கு எனக் கணக்கிடப்படும். எழுத்து மட்டும் நிற்காது. இங்கும் தவறு பாதுகாப்பான பக்கமே சாய்கிறது.

துண்டின் அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீண்ட ஒலிக் கோப்புகளுக்கு 64 மெகாபைட்டே போதும் என்று என் எண்ணிக்கை காட்டியது. பதிவுகளின் அட்டவணைத் தரவுத்தளம் இருந்த வேறோர் அணியில் 4 மெகாபைட்டாகக் குறைத்துப் பார்த்தேன். சிதறிச் சிதறி எழுதும் அதற்கு, பிட்டைப் பதிக்கும் எழுத்துகளே தடையாகிவிட்டதால் பழைய அளவுக்கே திரும்பினேன். தொடக்க காலத்தில் பிட்மேப்பைத் தனிக் கோப்பாக வேறொரு டிஸ்கில் வைத்திருந்ததையும் 2015இல் கைவிட்டேன். கோப்பு எந்த பிளாக்கில் இருக்கிறது என்று கோப்பு முறைமையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் தலைக்கு மேலாக நேரடியாக எழுதும் அந்த வழி எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. 2023இல் கெர்னல் மேம்பாட்டாளர்கள் அதைத் தனித் தெரிவாகப் பிரித்து, கைவிடப்பட உள்ளது என்று அறிவித்தபோது, காலம் கடந்தாலும் சரியான முடிவு என்றே நினைத்தேன்.

இனி என் தவறு. பழைய நிரலில், ஓர் எழுத்து முடிந்ததும் அழைக்கப்படும் செயல்கூறு, அந்த எழுத்து எல்லா டிஸ்குகளிலும் வெற்றி பெற்றதா என்ற செய்தியையும் பெற்று இரண்டு வேலைகளைச் செய்தது. வெற்றி பெற்று, அணியில் டிஸ்க் எதுவும் குறையாமலும் இருந்தால், ‘இந்த நிகழ்வு எண் வரை பிட்டுகள் அழிக்கப்பட்டிருக்கலாம்’ என்ற எண்ணை (ஒரு டிஸ்க் எவ்வளவு பழையது என்று ஒப்பிட உதவுவது) முன்னே நகர்த்தும். தோல்வி என்றால், கவுண்டரின் மேல் பிட்டைப் போட்டு, அந்தத் துண்டு அழிக்கப்படாமல் காக்கும். எண்ணிக்கை வரியைச் சேர்க்கும் சாக்கில் அந்தச் செயல்கூறு நீண்டுவிட்டதே என்று, அதிலிருந்து ஒரு பகுதியைத் தனிச் செயல்கூறாகப் பிரித்தெடுத்தேன். படிக்க அழகாக இருந்தது. ஆனால் நகர்த்தும்போது தோல்விக்கான இரண்டு வரிகள் விடுபட்டன. இயல்பான பயன்பாட்டில் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

நல்ல வேளையாக அது சோதனைக் கணினி. வழக்கமான சரிபார்ப்பாக ஒரு டிஸ்கைப் பழுதானதாக அறிவித்து நீக்கிவிட்டு, மீதமுள்ள ஒற்றை டிஸ்கில் 3 கிகாபைட் பதிவுகளை எழுதி, தேநீர் குடித்துவிட்டு வந்து, நீக்கிய டிஸ்கைத் திரும்பச் சேர்த்தேன். கண் இமைக்கும் நேரத்தில் மீட்பு முடிந்தது. 3 கிகாபைட்டை அவ்வளவு விரைவில் எழுத எந்த டிஸ்காலும் முடியாது. கோப்பைத் திறந்தேன்; பாட்டி ஒருவரின் குரல் தெளிவாக ஒலித்தது. கேச் மெமரியைக் காலி செய்துவிட்டு மறுபடி திறந்தபோது, அதே குரல் நடுவில் இரைச்சலாக உடைந்து, சில நொடிகளில் மீண்டும் தெளிந்தது. சில பகுதிகள் ஒரு டிஸ்கிலிருந்தும் சில பகுதிகள் மற்றொன்றிலிருந்தும் படிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. முழுச் சரிபார்ப்பை ஓட்டியபோது, பொருத்தமின்மை எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து ஏறிக்கொண்டே போனது.

காரணத்தைத் தேடியபோது கண்டது என்னை அதைவிடக் கலக்கியது. நான் இரண்டு வேலைகளையும் சேர்த்துக் கெடுத்து, டிஸ்க் குறைந்த நிலையிலும் நிகழ்வு எண்ணை நகர்த்த விட்டிருந்தால், அது முன்னே போயிருக்கும். திரும்ப வந்த டிஸ்க் மிகப் பழையது என்று கண்டு, பிட்மேப்பை நம்பாமல் கெர்னல் டிஸ்க் முழுவதையும் மீட்டிருக்கும். நேரம் போயிருக்கும், தரவு பிழைத்திருக்கும். நான் ஒன்றைச் சரியாக விட்டு மற்றொன்றை மட்டும் தொலைத்ததால், ‘பிட்டுகளை நம்பலாம்’ என்ற சான்றிதழ் அப்படியே இருந்தது, பிட்டுகள் மட்டும் அழிந்திருந்தன. ஒன்றையொன்று காவல் காக்கும் இரண்டு வரிகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதன் காரணத்தை அன்று கற்றுக்கொண்டேன். அதன் பிறகு, டிஸ்கை நீக்கி எழுதித் திரும்பச் சேர்த்து முழுச் சரிபார்ப்பு ஓட்டும் சோதனையைச் செய்யாமல் எந்த மாற்றத்தையும் நான் ஏற்றுவதில்லை.

இந்தப் பின்னணியில், கெர்னலுக்குள் நடந்த மறுசீரமைப்புகளை எல்லாம் ஒரே தராசில் நிறுக்க முடியவில்லை. 2017இல் கோப்பின் பெயரும், 2018இல் செயல்கூறுகளின் முன்னொட்டும் மாறியவை எனக்கு ஒரு மாலை வேலை மட்டுமே. பொதுவான பிட்மேப் செயல்கூறுகளோடு பெயர் மோதாமல் இருக்க வேண்டியிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. 2024இல் கெர்னல் மேம்பாட்டாளர் யூ குவாய் செய்து 6.12 பதிப்பில் சேர்ந்த மாற்றம்தான் பெரியது. அதுவரை ரெய்டு நிரலின் எந்த மூலையிலிருந்தும் பிட்மேப்பின் உள்ளுறுப்புகளைத் தொட முடிந்தது. என் பேட்சும் அப்படித்தான் வெளியிலிருந்து கைவிட்டு எண்களை எடுத்தது. புதிய அமைப்பு உள்ளுறுப்புகளை ஒரே கோப்புக்குள் மூடிவிட்டு, வெளியிலிருந்து வருவோருக்குச் செயல்பாடுகளின் பட்டியல் ஒன்றை மட்டும் வாசலில் வைத்தது. என் பேட்ச் கம்பைல் ஆகவே இல்லை. இரண்டு வார இறுதிகள் செலவழித்து, புள்ளிவிவரம் தரும் வாசல் வழியாக அதைத் திருத்தி எழுதினேன். அந்தச் சுவர் முன்பே இருந்திருந்தால், நான் செய்த தவறைச் செய்ய நெடுநேரம் யோசித்திருப்பேன்.

2025இல் அதே ஆசிரியர், எழுத்து வெற்றியா தோல்வியா என்று வெளியிலிருந்து சொல்லும் அந்த அளவுருவையே நீக்கிவிட்டார். டிஸ்க் குறைவாக இருக்கிறதா என்பதை அணியின் நிலையிலிருந்தே பிட்மேப் நிரல் பார்த்துக்கொள்கிறது. எழுத்தின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் அழைப்புகள் ஒவ்வொரு ரெய்டு வகையின் நிரலிலும் தனித்தனியே கிடந்ததற்கு மாறாக, மேலடுக்கில் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. நான் இரண்டு வரிகளைத் தொலைத்த அதே இடம் அது என்பதால், அந்த மாற்றத்தை வரி வரியாகப் படித்தேன். என் சோதனையையும் நான்கு முறை ஓட்டினேன். பொருத்தமின்மை பூச்சியமாகவே இருந்தது.

இதோடு நிற்காமல், 6.18 பதிப்பில் பூட்டில்லாத புதிய பிட்மேப் ஒன்றும் வந்திருக்கிறது. பழையதில் ஒவ்வோர் எழுத்தும் தொடங்கும்போதும் முடியும்போதும் அணி முழுவதற்கும் பொதுவான ஒரே பூட்டைப் (லாக்) பிடிக்க வேண்டும். சுழலும் டிஸ்கில் அது உறைக்காது, வேகமான எஸ்எஸ்டிகளில் அதுவே குறுகிய வாசலாகிவிடும். புதியது கவுண்டரைக் கைவிட்டு, துண்டுக்கு ஒரு பைட் ஒதுக்கி, எழுதப்படாதது, சுத்தமானது, அழுக்கானது, ஒத்திசைவு தேவைப்படுவது, ஒத்திசைவில் உள்ளது என்ற நிலைகளுக்கு இடையே மாறுகிறது. இதுவரை எழுதப்படாத துண்டுகளைத் தொடவே வேண்டாம் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது இது சோதனைக் கணினியில் மட்டுமே ஓடுகிறது. மின் இணைப்பை டைமர் ஒன்றோடு சேர்த்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே இரவெல்லாம் அறுத்து அறுத்துப் பார்த்து வருகிறேன். காப்பகத்தின் டிஸ்குகள் இன்னும் பழைய பிட்மேப்பிலும் 6.12 கெர்னலிலும்தான் இருக்கின்றன. அடுத்த தைப்பூசக் காவடிப் பதிவுகள் வந்து சேர்ந்து, அவற்றின் நகல் தனியாக வெளியே எடுத்து வைக்கப்படும் வரை அவற்றில் கை வைப்பதாக இல்லை.