தட்டா, பெஞ்சா? பெங்களூரின் இரண்டு ஒன்றாம் வகுப்புகள்

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவில் பிப்ரவரி பிறந்தால் பேச்சு ஒன்றுதான்: பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது? ஃபீஸ் எவ்வளவு, வேன் வீட்டு வாசலுக்கு வருமா, கட்டடம் எத்தனை மாடி என்று எல்லாம் விசாரிப்பார்கள். காலை பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இரண்டு ஒன்றாம் வகுப்புகளைக் கிட்ட இருந்து பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. என் மகன் படித்தது தனியார் இங்கிலீஷ் மீடியம். என் நாத்தனார் மகள் படித்தது அரசு கன்னடப் பள்ளி.

மகனின் வகுப்பு நமக்கெல்லாம் தெரிந்த வகுப்புதான். நாற்பது பிள்ளைகள், வரிசையாகப் பெஞ்சுகள், ஸ்மார்ட் போர்டு, பாடத்துக்கு ஒரு ஒர்க்புக், தினமும் கையெழுத்துப் போட வேண்டிய டைரி. வெள்ளிக்கிழமை டிக்டேஷன். மாதம் ஒருமுறை ஒரு பொருளைக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் நின்று பேச வேண்டும். அந்த ஒரு நாளுக்காக அவன் உயிரை விடுவான். பாட்டியின் வெற்றிலை இடிக்கும் உரலைத் தூக்கிக்கொண்டு போய், அரைகுறை இங்கிலீஷில் இடித்துக் காட்டிவிட்டு வந்தான். இன்றைக்கும் அவனுக்கு நினைவிருக்கும் ஒன்றாம் வகுப்பு அதுதான்.

அரசுப் பள்ளி அறைக்குள் முதல்முறை நுழைந்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் கயிறு கட்டி, அவர்கள் வரைந்ததையும் வெட்டி ஒட்டியதையும் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பெயர் சப்பர, நம் சப்பரமேதான். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். வந்ததும் ஒரு பிள்ளை எழுந்துபோய் அன்றைக்கு வெயிலா, மேகமா, மழையா என்று வானிலைப் படத்தில் குறிக்கிறது. பிறகு சுவரில் மாட்டிய ஏணிப் படத்தில் தன் படி எது என்று ஒவ்வொரு பிள்ளையும் தானே பார்த்து, அந்தப் படிக்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு தன் வட்டத்தில் உட்காருகிறது.

வட்டத்துக்குத் 'தட்டு' என்று பெயர். ஐந்து தட்டுகள் உண்டு: மிஸ் முழுக்கக் கூட இருந்து சொல்லித் தருவது, மிஸ் பாதி உதவுவது, கூட்டாளி உதவுவது, கூட்டாளி பாதி உதவுவது, தானே செய்வது. புதிய எழுத்தை முதல் தட்டில் பிடித்துக்கொண்ட பிள்ளை, ஐந்தாவது தட்டுக்கு வரும்போது யாரையும் எதிர்பார்க்காமல் படிக்கிறது.

இதுதான் நலி கலி. ஆடிப்பாடிக் கற்றுக்கொள் என்று பொருள். ஆந்திராவில் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிறு கிராமப் பள்ளிகளின் முறையைப் பார்த்து, 1995-ல் மைசூரு மாவட்டம் எச்.டி. கோட்டையில் யுனிசெஃப் உதவியோடு தொடங்கியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றலுக்கும் வேர் அதே ரிஷிவேலிதான். ஊரில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்கு இந்த அட்டையும் ஏணியும் புதிதாக இருக்காது.

எழுத்து கற்பிக்கும் வரிசையில்தான் எனக்குக் கண் திறந்தது. நலி கலியில் அ, ஆ, இ என்று போவதில்லை. முதலில் ர, க, ஸ, த, அ என்று ஐந்தே எழுத்து. அந்த ஐந்தை வைத்தே ஸர, அரஸ, கரகஸ என்று வார்த்தைகள் வந்துவிடுகின்றன. நாத்தனார் மகள் வீட்டில் தமிழ் மட்டும் பேசிய பிள்ளை. ஒரு நாள் ஓடி வந்து, "அத்தை, அரஸன்னா நம்ம அரசன்தானே? ஸரன்னா சரம்தானே?" என்று கேட்டாள். கரகஸ மட்டும் மாட்டவில்லை, அது ரம்பம். எழுத்துக்கூட்டிய சில நாட்களிலேயே வார்த்தையில் பொருள் தேடும் பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. அதே வயதில் என் மகன் டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கினான். ஆனால் அதே வார்த்தைகளைக் கடைப் பலகையில் காட்டினால் முழிப்பான். வரிசை மாறாமல் மனப்பாடம் செய்திருந்தான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் நடத்தும் தமிழ் வகுப்பிலும் இதைச் செய்து பார்த்தேன். 247 எழுத்தையும் வரிசையாக எழுதவைத்தால் பிள்ளைகள் ஃ வரைக்கும் தாங்குவதில்லை. இப்போது ப, ட, ம, கூடவே புள்ளி. முதல் நாளே படம், மடம், பட்டம், மட்டம் என்று படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

கணக்கிலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒர்க்புக்கில் ஏழு பலூன் அச்சடித்திருக்கும், மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுத வேண்டும். தட்டில் புளியங்கொட்டையும், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளும். 32-ல் 15 போக வேண்டும் என்றால் ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்னவென்று அந்தக் கை அறிந்துகொள்கிறது.

இரண்டு வகுப்பையும் நான் எடைபோட்டது பிள்ளை லீவு போட்ட நாட்களை வைத்துத்தான். மகனுக்கு அம்மை போட்டு பன்னிரண்டு நாள் போகவில்லை. திரும்பியபோது வகுப்பு இரண்டு பாடம் தாண்டியிருந்தது. இரவு பதினொன்று வரை அடுத்த வீட்டுப் பையன் நோட்டைப் பார்த்து எழுதினோம். எழுதினானே தவிர, விட்ட பாடம் விட்டதுதான். நாத்தனார் மகள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாள். ஏணியைப் பார்த்தாள், விட்ட படியின் அட்டையை எடுத்தாள், உட்கார்ந்தாள். விதைப்பு, அறுவடை என்று பிள்ளைகள் அடிக்கடி நின்றுவிடும் கிராமங்களுக்கும், ஒரே ஆசிரியர் பல வகுப்பைப் பார்க்கும் பள்ளிகளுக்கும் பொருந்துகிற முறை இது. இரண்டாவது வேலைக்கு ஓடும் நம் தெருப் பெற்றோருக்கும் இதைவிட உதவியானது வேறில்லை.

ஆனால் தட்டிலும் ஓட்டை உண்டு. கல்வி உரிமைச் சட்டம் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்த ஒருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டால் ஐந்து தட்டும் ஒரே இரைச்சல். தானே செய்யும் தட்டில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதை நானே கண்டிருக்கிறேன். நான்காம் வகுப்பில் அட்டை போய்ப் பாடப்புத்தகம் வரும்போது பிள்ளை தடுமாறுகிறது. நாத்தனார் மகளுக்கு அந்த ஆண்டு கஷ்டமாகவே இருந்தது. இங்கிலீஷ் காதில் விழுவதும் குறைவு. கையெழுத்து, வரி தவறாமல் எழுதுவது, கூட்டத்துக்கு முன் நின்று பேசுவது ஆகியவற்றில் தனியார் பள்ளிதான் மேல்.

பை விஷயத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 2020 பள்ளிப்பைக் கொள்கை பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்றது. நலி கலி அட்டைகள் வகுப்பிலேயே இருக்கின்றன. மகனின் பையை நான்தான் சுமந்தேன்.

பள்ளி பார்க்கப் போகிறவர்கள் ஆபீஸ் ரூமோடு திரும்பிவிடாதீர்கள். ஒன்றாம் வகுப்பு வாசலில் கால் மணி நேரம் நிற்க அனுமதி கேளுங்கள். எத்தனை பிள்ளைகளின் வாயும் கையும் வேலை செய்கின்றன என்று எண்ணுங்கள். பெஞ்சு வகுப்பில் நாற்பது நிமிடப் பீரியடில் ஆளுக்கு ஒரு நிமிடம் வாசிக்கவைத்தாலே நேரம் முடிந்துவிடும். அரசுப் பள்ளி என்றால், நலி கலி அறைக்கு மிஸ் நிரந்தரமா, ஆண்டு நடுவில் மாற்றுவார்களா என்றும் கேளுங்கள். அந்த மிஸ் இல்லாவிட்டால் அந்த அறைக்கு நான் பரிந்து பேச மாட்டேன்.

சின்னவளை இந்த ஜூனில் அரசுப் பள்ளியில் சேர்க்கிறோம். வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் கவலை இன்னும் தீரவில்லை. அதனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவரே அவளுக்கு ஓர் இங்கிலீஷ் கதை படித்துக் காட்டுகிறார். புளியங்கொட்டை டப்பாவை நான் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.