முழுமுக மாஸ்க்கா, கண்ணாடியும் குழாயுமா?

ஆனி மாதம் குடும்பமாக, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவுக்குப் போனோம். ஸ்நோர்கலிங், அதாவது முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குழாய் வழியாக மூச்சு விட்டபடி மிதந்து மீன் பார்ப்பது, பழக எதை வாங்குவது என்று இரண்டு வாரம் மண்டையைப் போட்டு உடைத்தும் முடிவு வரவில்லை. கடைசியில் கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் கடிக்கும் குழாய் என்று ஒரு செட்டைக் கையோடு கொண்டுபோய், அங்கே முகம் முழுவதையும் மூடி, குழாயும் சேர்ந்தே வரும் ஒரு முழுமுக மாஸ்க்கை வாடகைக்கு எடுத்து, இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். நான் இப்போது கண்ணாடி, குழாய் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை அலை அடங்கிக் கிடக்கும். அடியில் மணல். எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் நெஞ்சைத் தாண்ட மனம் வைக்காது.

முழுமுக மாஸ்க்கை 2014இல் டெக்கத்லான் என்ற பிரெஞ்சு விளையாட்டுப் பொருள் கம்பெனி கொண்டுவந்த பிறகுதான் உலகமெங்கும் அது பரவியது. இப்போது பெயரில்லாத நகல்கள் எங்கும் கிடைக்கின்றன. நான் எடுத்ததும் அப்படி ஒன்றுதான். முதல் நாளைப் பொறுத்தவரை அதை அடிக்க ஆளில்லை. ரப்பரைக் கடித்துக்கொண்டு வாயால் மட்டும் மூச்சு விடும் வேலை கிடையாது. மூக்காலேயே விடலாம். பார்வையும் அகலம். பத்து வயது மகள் ஐந்தே நிமிடத்தில் மீன் எண்ண ஆரம்பித்துவிட்டாள். நானோ குழாயைக் கடித்தபடி, மூக்கால் மூச்சை இழுத்து இழுத்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

சரி, பிறகு ஏன் கட்சி மாறினேன்? தண்ணீர் உள்ளே வந்தால் என்ன செய்வது என்ற ஒரே கேள்விதான் காரணம்.

தண்ணீர் எப்படியும் வரும். கண்ணாடிக்குள் வந்தால், மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மூக்கால் பலமாக ஊத வேண்டும். கீழ் விளிம்பு வழியாக வெளியேறிவிடும். குழாய்க்குள் வந்தால், நெஞ்சில் உள்ள காற்றையெல்லாம் கூட்டி 'தூ' என்று ஒரே ஊது. முதல் நாள் நான் குடித்த உப்புத் தண்ணீரில் ஒரு பானைக் கஞ்சி காய்ச்சலாம். இரண்டாம் நாள் காலையில் கை தானாகச் செய்தது. முகத்தைத் தண்ணீரிலிருந்து முழுதாக எடுக்கவே தேவைப்படவில்லை.

முழுமுக மாஸ்க்கில் கொஞ்சம் வந்தால், நாடிப் பக்கத்து வால்வு வழியாகத் தானே வடிந்துவிடும். அதிகம் வந்தால் கழற்றுவதைத் தவிர வழியில்லை. எனக்கு மூக்கு வரை ஏறிவிட்டது. பின்பட்டி ஈர முடியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. பதறியடித்து எழுந்து நின்றேன், தண்ணீர் நெஞ்சளவுதான். கரையிலிருந்து மச்சான், "என்ன அத்தான், கப்பல் தாண்டுட்டுதா?" என்று கத்தினார்.

அங்கே நிற்க முடிந்தது, சிரித்தோம். ஆனால் யாரும் பாசிக்குடாவோடு நிற்பதில்லை. அடுத்தது திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கரைக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருக்கும் புறாமலைத் தீவுதான். 2003 முதல் அது தேசியப் பூங்கா. செட்டை நுனி கறுத்த சுறாக்களைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். அங்கே காலடியில் முருகைக்கல், அதாவது பவளப்பாறை. எழுந்து நின்றால் கல்லும் உடையும், காலும் கிழியும். மிதந்தபடியே தண்ணீரை வெளியேற்றத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை முழுமுக மாஸ்க் உங்களுக்குத் தருவதே இல்லை.

இன்னொன்று, விட்ட மூச்சு வெளியேறும் வழி. முழுமுக மாஸ்க்கில் வாயையும் மூக்கையும் மூடும் உள் கிண்ணமும் அதன் சிறு வால்வுகளும் சரியாக இருந்தால்தான் விட்ட காற்று வெளியே போகும். அவை பழுதானால் அதே கரியமில வாயுவையே திரும்பத் திரும்ப இழுப்போம். தலை கனக்கும், மூச்சு முட்டும். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது உண்மை. அது வெயிலா வால்வா என்று சத்தியம் பண்ண மாட்டேன். பெயர் பெற்ற கம்பெனியின் புது மாஸ்க்கை நான் போட்டுப் பார்த்ததில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியிலும் தொல்லை உண்டு. மீசைக்காரருக்கு மேலுதட்டுப் பக்கம் கசியும். நான் மூக்கடியில் ஒரு நூல் அளவு கத்தரித்த பிறகுதான் நின்றது. புதுக் கண்ணாடி பனிமூட்டம் போடும். உள்பக்கத்தைப் பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் இறங்குமுன் கொஞ்சம் எச்சில் பூசி அலசினால் போதும். வாங்கும்போது பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அதுதான் உங்கள் அளவு. கிட்டப்பார்வைக்காரருக்குப் பவர் போட்ட கண்ணாடியே கிடைக்கிறது.

மகளுக்கு நான் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. அவள் முழுமுகம்தான் வேண்டும் என்கிறாள். இடுப்பளவுத் தண்ணீரில், நான் பக்கத்தில் நிற்கும்வரை அதுவும் சரிதான்.