8 இன்ச் டாப்சோனியன் என்று நம்பி 38,500 ரூபாய் இழந்தேன்: பகலில் பார்த்து டெலஸ்கோப் வாங்காதீர்கள்

இன்று காலை அதே சனிக்கிரகப் படம் மறுபடியும் கண்ணில் பட்டது. பழைய பொருள் விற்கும் அதே தளம், அதே படம், வேறு பெயர். இந்த முறை "10 இன்ச் டாப்சோனியன், வீடு மாற்றுவதால் அவசர விற்பனை" என்று போட்டிருக்கிறார். (டாப்சோனியன் என்றால் லென்ஸுக்குப் பதிலாக அடியில் பெரிய கண்ணாடி வைத்த டெலஸ்கோப்; 8 இன்ச், 10 இன்ச் என்பது அந்தக் கண்ணாடியின் விட்டம்.) பார்த்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்தப் படத்தை நம்பித்தான் நான் 38,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் இருப்பது திருச்சியில். நான்கு வருடமாக ஒரு 70 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப்பை வைத்து வானம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரியன் நெபுலா ஒரு சாம்பல் புகை, ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் ஒரு பஞ்சு உருண்டை, அவ்வளவுதான் தெரியும். 8 இன்ச் கண்ணாடி என்றால் 203 மி.மீ. விட்டம்; என்னுடையதைவிட எட்டு மடங்கு ஒளி பிடிக்கும். ஒமேகா சென்டாரியில் நட்சத்திரங்கள் தனித்தனியாக மணல் மாதிரி உதிரும். புதிதாக வாங்க அரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்பதால் இரண்டு வருடமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்தேன். பழைய 70 மி.மீ.யை எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கும் பையனுக்கு விற்றேன். அவனையும் அவன் அப்பாவையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டு, சனியைக் காட்டி, முக்காலியில் ஒரு கால் சரியாக இறுகாது என்பதையும் காட்டிவிட்டுத்தான் 4,500 வாங்கினேன். பழைய பொருள் இப்படித்தான் கை மாறும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் அந்த விளம்பரம் வந்தது. 8 இன்ச் டாப்சோனியன், 1200 மி.மீ. குவியத் தூரம், இரண்டு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), குறிபார்க்க ஒரு ஃபைண்டர், "ஒரே கை, மூன்று வருடம்". கூடவே "போன மாதம் இதிலேயே எடுத்தது" என்று ஒரு சனிப் படம். வளையம் நன்றாகச் சாய்ந்து, நடுவில் காசினி இடைவெளிகூடக் கறுப்புக் கோடாகத் தெரிந்தது.

இங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். 2025 மார்ச்சில்தான் பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. நவம்பர் கடைசியில் வளையம் நமக்கு ஒரு டிகிரிகூடச் சாய்ந்திருக்கவில்லை. கத்தி முனையைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி ஒரு கோடுதான். அந்தக் கோட்டை என்னுடைய சின்ன டெலஸ்கோப்பில் நானே பலமுறை பார்த்தவன். அவ்வளவு அகன்ற வளையம் 2017 வாக்கில் தெரிந்தது. அந்தப் படம் போன மாதம் எடுத்ததாக இருக்கவே முடியாது. தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. வாங்கப்போகிற சந்தோஷத்தில் கண் முன்னால் இருந்த பொய்யைப் பார்க்காமல் விட்டேன்.

போன் செய்தேன். சென்னைப் புறநகர். ஐம்பது வயது இருக்கும், நிதானமான குரல். விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. "தம்பி, நீங்க எங்க இருந்து பாக்குறீங்க? உங்க ஊர்ல தெற்கு அடிவானம் மறைக்குதா? அகத்திய நட்சத்திரம் நல்லா தெரியுதா?" என்றுதான் கேட்டார். காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்துக்குப் போய் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பைப் பார்த்த கதையைச் சொன்னார். அரை மணி நேரம் பேசினோம். முன்பணமாக 5,000 அனுப்பினேன். அவர் கேட்கவில்லை, நானாக அனுப்பினேன்.

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. நண்பனின் காரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் விடியற்காலையில் கிளம்பினோம். முந்தின ராத்திரி ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சம். நான் தூங்கவே இல்லை. அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நேத்து எத்தனை எண்ணினீங்க தம்பி? நான் மாடியில பாய் போட்டுப் படுத்து இருபத்தி மூணு பாத்தேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். எரிகல் எண்ணுகிறவர் ஏமாற்றமாட்டார் என்று என் மனசு முடிவு கட்டிவிட்டது.

மணி பன்னிரண்டு. மாடியில் டெலஸ்கோப்பை வைத்து, தூரத்தில் இருந்த செல்போன் கோபுரத்தைக் காட்டினார். 25 மி.மீ. ஐபீஸ், 48 மடங்கு. ஆன்டெனாவின் போல்ட்கூடத் தெரிந்தது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது, பூஞ்சை இல்லை. நடுவில் தொழிற்சாலையில் ஒட்டுகிற வட்டம் இல்லாமல் மார்க்கர் பேனாவால் வைத்த ஒரு புள்ளி இருந்தது. கேட்டேன். "கழுவும்போது ஸ்டிக்கர் வந்துருச்சு, நானே அளந்து புள்ளி வெச்சேன்" என்றார். சரி என்று விட்டேன்.

"சார், ஆறரை வரைக்கும் இருக்கட்டுமா? சனி தலைக்கு மேலேயே இருக்கும், ஒரு தடவை பார்த்துட்டுக் கிளம்புறோம்" என்று கேட்டேன். கேட்காமல் இல்லை. "வீட்ல எல்லாரும் ஒரு வரவேற்புக்குக் கிளம்புறோம் தம்பி. என் பிள்ளை மாதிரி வெச்சிருந்த பொருள். ஏதாவது குறைன்னா ஒரு போன் பண்ணுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்" என்றார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். மீதி 33,500 ரூபாயை அங்கேயே நின்று யுபிஐயில் அனுப்பினேன். ஆக மொத்தம் 38,500.

அன்று ராத்திரி திருச்சியில் வானம் நன்றாக இருந்தது. வியாழன் மிதுனத்தில் ஏறி வந்திருந்தது. 48 மடங்கில் சுமார். 10 மி.மீ. ஐபீஸ் போட்டு 120 மடங்குக்குப் போனால் கூர்மையே வரவில்லை. ஃபோகஸர் குமிழை இந்தப் பக்கம் திருப்புகிறேன், அந்தப் பக்கம் திருப்புகிறேன், "இதுதான்" என்று ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. வியாழனின் இரண்டு பட்டைகளும் ஈரக் காகிதத்தில் மை ஊறின மாதிரி. சுற்றிலும் ஒரு வெள்ளைப் பனி. மிதுனத்திலேயே இருக்கும் இரட்டை நட்சத்திரம் கேஸ்டரைப் பார்த்தேன். 8 இன்ச்சில் இரண்டு வைரப் பொட்டாகப் பிரிய வேண்டிய ஜோடி, ஒட்டிக்கொண்ட இரண்டு பஞ்சாகத் தெரிந்தது. என்னுடைய 70 மி.மீ.யில் அதைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் போன் செய்தேன். "கொலிமேஷன் கலைஞ்சிருக்கும், காரில் வந்ததில்ல?" நியாயம்தான். கண்ணாடிகளை ஒரே நேர்கோட்டில் சரிசெய்வதுதான் கொலிமேஷன்; செய்தேன். மாறவில்லை. "கண்ணாடி வெளிக் காத்துக்குக் குளிரணும், ரெண்டு மணி நேரம் வெளியில வைங்க." வைத்தேன். "உங்க ஊர்ல காத்து நிலையா இல்ல, சீயிங் சரியில்ல." "அந்த 10 மி.மீ. ஐபீஸ் சுமார்தான், நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுங்க." அதற்கும் 3,200 செலவழித்து வாங்கிப் போட்டேன். பிறகு "ஊர்ல இல்ல". பிறகு வாட்ஸ்ஆப்பில் நீல டிக் மட்டும். கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் அதுவும் நின்றது.

உண்மை தெரிந்தது ஜனவரியில்தான். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர் ஒருவர் இருக்கிறார். 1986-ல் ஹாலி வால்நட்சத்திரத்துக்காகத் தன் கையாலேயே 6 இன்ச் கண்ணாடி தேய்த்தவர். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவரிடம் போனேன். திருப்பிப் பார்த்ததுமே, "இது இந்தக் குழாய்க்கு வந்த கண்ணாடி இல்லையேப்பா" என்றார். பிடித்து வைக்கிற மூன்று கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடைவெளியை, சைக்கிள் டியூப்பைக் கத்தரித்து மடித்து அடைத்திருந்தார்கள். ரப்பரில் பழைய பஞ்சர் ஒட்டுகூட அப்படியே இருந்தது.

அப்புறம் ஃபூக்கோ சோதனை வைத்தார். அறையை இருட்டாக்கி, கண்ணாடியைச் சுவரோரம் நிறுத்தி, குவியத் தூரத்தின் இரு மடங்கு, அதாவது 2.4 மீட்டர் தள்ளி, ஊசித் துளை போட்ட தகரத்துக்குப் பின்னால் ஒரு எல்இடி விளக்கு. பக்கத்தில் மரக்கட்டையில் செருகிய ஷேவிங் பிளேடு. திரும்பி வரும் ஒளியைப் பிளேடால் மெதுவாக வெட்டிக்கொண்டே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். டாப்சோனியன் மாதிரியான நியூட்டோனியன் டெலஸ்கோப்புக்கு வேண்டிய, ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளையக் கண்ணாடியாக இருந்தால், நடுவில் குழிந்து சுற்றி மேடான உளுந்து வடை மாதிரி ஒரு நிழல் விழும். என்னைப் பார்க்கச் சொன்னார். பிளேடு உள்ளே போனது. கண்ணாடி முழுவதும் ஒரே சீராக, ஒரே நேரத்தில் சாம்பலாகி இருண்டது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. "சுத்தமான கோளம்" என்றார். பந்தின் உட்புறம் மாதிரி வளைவு; நடுவில் படும் ஒளியும் விளிம்பில் படும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாது. "யாரோ நல்லா தேய்ச்சு, பாலிஷ் பண்ணி, பரவளையமாக்காம பாதியில விட்ட கண்ணாடி. அதுக்கு மேல அலுமினியம் பூசி வெச்சிருக்காங்க. தேய்ச்சவன் மேல தப்பில்ல."

கணக்கையும் போட்டுக் காட்டினார். 8 இன்ச் கண்ணாடியைக் கோளமாகவே விட்டுப் பயன்படுத்த வேண்டுமானால் குவியத் தூரம் 1800 மி.மீ. அளவுக்கு நீள வேண்டும். 1200 மி.மீ.யில் விளிம்பில் கிட்டத்தட்ட ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தேய்க்க வேண்டியதைத் தேய்க்காமல் விட்டிருக்கிறது. அந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான் என் 38,500 ரூபாய். குறைந்த உருப்பெருக்கத்தில், பகலில், கோபுரத்தைப் பார்த்தால் அது தெரியாது. விற்றவருக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் ஆறரை மணி வரை எங்களை அங்கே இருக்க விடவில்லை. அசல் கண்ணாடி உடைந்ததா, தனியாக விற்றாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

தளத்துக்கு எழுதினேன். "பரிமாற்றம் எங்கள் தளத்துக்கு வெளியே நேரில் நடந்ததால் நாங்கள் பொறுப்பேற்க இயலாது, உங்கள் புரிதலுக்கு நன்றி" என்று பதில். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அதே வரி. மூன்றாவது தடவை புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். காவல் நிலையத்தில் இருந்தவர், "பொருள் உங்க கையில இருக்குல்ல? படம் தெரியுதுல்ல? அப்புறம் என்ன மோசடி?" என்றார். கோளத்துக்கும் பரவளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மேசை முன்னால் நின்று என்னால் விளக்க முடியவில்லை. மனு மட்டும் வாங்கிக்கொண்டார். பொங்கலும் போய்விட்டது, ஒரு தகவலும் இல்லை.

பணம் போனது ஒரு பக்கம். ராத்திரி தூக்கம் விட்டு வானம் பார்க்கிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? அந்தச் சில பேருக்குள்ளேயே ஒருத்தன் இன்னொருத்தனுக்கு இதைச் செய்கிறான் என்பதுதான் வயிற்றை எரிக்கிறது. அந்த இருபத்து மூன்று எரிகல்லை அவர் உண்மையாகவே எண்ணினாரா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது கை ஓடவில்லை. அவசரமாகச் சில:

இருட்டிய பிறகு, நட்சத்திரத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 120 மடங்கு, 150 மடங்குக்குப் போய் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து கொஞ்சம் உள்ளேயும் கொஞ்சம் வெளியேயும் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வளையங்கள் ஒரே மாதிரி வர வேண்டும். ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் கலங்கலாகவும் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ராத்திரி காட்ட முடியாது என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் பின்பக்கத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுப்புள்ளி கையால் வைத்ததாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

"இதில் எடுத்த படம்" என்று எதைக் காட்டினாலும் தேதி கேட்டு, அந்தத் தேதியில் அந்தக் கிரகம் எப்படி இருந்தது என்று பாருங்கள்.

முன்பணம் அனுப்பாதீர்கள். நேரில் கொடுத்தாலும், பொருளின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என்னிடம் அது இருந்திருந்தால் காவல் நிலையத்தில் பேச ஏதாவது இருந்திருக்கும்.

சாய்ந்த வளையத்தோடு சனிப் படம், "வீடு மாற்றுவதால் அவசர விற்பனை", 10 இன்ச், விலை 52,000. இதைப் பார்க்க யாராவது கிளம்பிக்கொண்டிருந்தால், போவதற்கு முன்னால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அந்த சைக்கிள் டியூப் துண்டின் படத்தை உடனே அனுப்பி வைக்கிறேன்.